புத்தகத்தை மூடிவைத்துப் பேசுவோம்



சென்ற ஆண்டு கோடை விடுமுறை முடியும் தறுவாயில், ஆனைக்குட்டத்திலிருந்து ஓர் இளைஞர் நம்மைக் காண வந்தார். அவர் கையிலிருந்த நெகிழி உறையில் மதிப்பெண் பட்டியல்களும் டிப்ளமோ சான்றிதழும் இருந்தன. பத்தாம் வகுப்பில் ஆங்கிலப் பாடத்தில் அவர் பெற்றிருந்தது 83 மதிப்பெண். மகிழ வேண்டிய பிள்ளையின் முகம் வாடியிருந்தது.

"என்ன தம்பி, என்ன நடந்தது?" என்று கேட்டோம்.

வெளியூர் நிறுவனம் ஒன்றில் நேர்முகத் தேர்வுக்குச் சென்று திரும்பியிருக்கிறார். அங்கே அவரிடம் ஆங்கிலத்தில் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பது. கேட்டதும் தம்பிக்கு மகிழ்ச்சி பொங்கியதாம். 'மை வில்லேஜ்' என்னும் கட்டுரையைப் பள்ளியில் வரி பிசகாமல் மனப்பாடம் செய்தவர் அல்லவா! மடை திறந்தாற்போல் ஒப்பித்தார். ஊரைச் சுற்றிலும் தென்னந்தோப்பு. ஊர் நடுவே வற்றாத ஆறு. விடியலில் பறவைகளின் இன்னிசை. ஏர் பூட்டிச் செல்லும் உழவர்கள். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த ஆற்றின் பெயர் என்ன?" என்றாராம். தம்பியின் நா மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கட்டுரையில் வந்த ஆற்றுக்குப் பெயர் இல்லை!

"எனக்குப் பதில் தெரியும் சாமி. ஆனால் அது நம்ம ஊரு ஆறு என்று அந்த நேரத்தில் தோன்றவே இல்லை" என்றார்.

இந்தச் சொல் நம்மைப் பல நாள் உறங்க விடவில்லை. ஆனைக்குட்டத்தைக் கண்டவர்கள் அறிவார்கள். அங்கே தென்னந்தோப்பைவிடச் சீமைக் கருவேலமே மிகுதி. ஆறு உண்டு, அதற்கு அர்ச்சுனா என்று அழகிய பெயரும் உண்டு. அதன் குறுக்கே அணை கட்டி நீர் தேக்கியிருக்கிறார்கள். விருதுநகர் மக்கள் குடிக்கும் நீரில் ஒரு பங்கு அங்கிருந்து போவதே. ஆனால் ஆண்டின் பெரும்பகுதி ஆற்று மணல் காய்ந்து கிடக்கும். விடியலில் பறவைகளின் இன்னிசைக்கு முன்னே, வேலைக்கு ஆள் ஏற்றும் வேனின் ஒலி கேட்கும். இந்த ஊரைப் பற்றிச் சொல்வதற்கு அந்தப் பிள்ளையிடம் ஆயிரம் செய்திகள் இருந்தன. ஆனால் ஆங்கிலம் என்றால் தன் ஊரை மறந்துவிட்டு வேறோர் ஊரைப் பற்றிப் பேசுவது என்று அவருக்கு நாம் எல்லாருமாகச் சேர்ந்து கற்பித்துவிட்டோம்.

நாம் எல்லாருமாக என்று எழுதினோம். ஆசிரியர்களைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலம் மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு. அதில் எழுதியதற்கு மதிப்பெண் உண்டு, பேசியதற்கு இல்லை. தேர்வு எதைக் கேட்கிறதோ அதையே ஆசிரியர் கற்பிப்பார். அதையே பெற்றோரும் எதிர்பார்ப்பர். பங்கு இல்லங்களில் மாலை வகுப்பு நடத்திய நாமும் பல ஆண்டுகளாக அதையே செய்தோம். கைடு வாங்கிக் கொடுத்தோம். வினா விடையை உருப்போடச் சொன்னோம். பிள்ளைகள் தேர்ச்சி பெற்றதும் மனநிறைவு கொண்டோம். பேசினார்களா என்று கேட்டோமா? இல்லை.

இவ்விடத்தில் வாசகர் ஒருவர், "புத்தகம் இல்லாமல் மொழி கற்க முடியுமா?" என்று கேட்கக்கூடும். நமது மண்ணின் வரலாறே அதற்கு விடை சொல்கிறது. அண்டிரிக் அடிகளார் என்று நம்மவர் அழைக்கும் போர்த்துகீசியத் துறவி 1546ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து, முத்துக்குளித்துறையில் பணியாற்றினார். அவர் கையில் தமிழ்ப் பாடநூல் எதுவும் இல்லை. அச்சிட்ட தமிழ் எழுத்தே அன்று இந்த நாட்டில் இல்லை. தொடக்கத்தில் மொழிபெயர்ப்பாளரைத் துணைக்கொண்டவர், பின்னர் கடற்கரை மக்களோடு பேசிப் பேசித் தமிழ் கற்றார். தாம் கற்றதை இலக்கணமாகக் குறித்தும் வைத்தார். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலை அச்சேற்றினார். முதலில் பேச்சு, பிறகு இலக்கணம், அதன் பிறகே புத்தகம். இந்த வரிசை நம் சிந்தனைக்கு உரியது.

அடுத்து வந்த வீரமாமுனிவரை நாம் அனைவரும் அறிவோம். நமக்கு அண்மையிலுள்ள காமநாயக்கன்பட்டியிலும் அவர் பணி செய்தார். தேம்பாவணி பாடிய அந்தப் பெரும்புலவர், மக்கள் பேசும் தமிழைத் தாழ்வாக எண்ணவில்லை. கொடுந்தமிழ் எனப்படும் பேச்சு வழக்குக்கென்றே இலத்தீன் மொழியில் தனி இலக்கணம் எழுதினார். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. ஐரோப்பாவிலிருந்து வரும் துறவியர், செந்தமிழுக்கு முன்பு சந்தையிலும் தெருவிலும் கேட்கும் தமிழைக் கற்க வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

வெளிநாட்டார் நம் மொழியைக் கற்ற வழி இது. நம் பிள்ளைகள் வெளிநாட்டார் மொழியைக் கற்கும்போது மட்டும் வழி தலைகீழாகிவிடுகிறது. இதை மாற்றிப் பார்க்கும் முயற்சி நம் தென்னாட்டிலேயே நடந்தது என்பது பலர் அறியாத செய்தி. பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் பணியாற்றிய என். எஸ். பிரபு என்னும் கல்வியாளர், 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களின் சாதாரணப் பள்ளிகள் சிலவற்றில் புதிய முறையில் ஆங்கிலம் கற்பித்துப் பார்த்தார். மொழி கற்பிப்போர் உலகில் இது 'பெங்களூர்த் திட்டம்' என்று பெயர் பெற்றது. 1987இல் அவர் இது பற்றி எழுதிய நூல் வெளிவந்தது.

அவர் செய்தது என்ன? இலக்கணப் பாடத்தை வரிசையாக நடத்துவதை நிறுத்தினார். ஆடம்பரக் கருவிகள் எவையும் இல்லை. கரும்பலகை, சுண்ணக்கட்டி, தாள், பென்சில், இவ்வளவுதான். ஆசிரியர் பலகையில் ஒரு தொடர்வண்டிக் கால அட்டவணையையோ ஊரின் வரைபடத்தையோ எழுதுவார். "காலை ஒன்பது மணிக்குள் போய்ச் சேர வேண்டுமானால் எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும்?" என்று ஆங்கிலத்தில் கேட்பார். வகுப்பு முழுவதும் வாய்மொழியாகச் சேர்ந்து ஒரு கணக்கை முடிக்கும். பின்னர் அதே போன்ற வேறொரு கணக்கை ஒவ்வொரு பிள்ளையும் தனியே செய்யும். பிள்ளையின் மனம் விடையைத் தேடி ஓடும். அந்த ஓட்டத்தில் மொழி தானாகப் படியும் என்பது அவர் கருத்து. வகுப்பில் பாதிப் பேராவது வேலையில் பாதியையாவது சரியாகச் செய்ய முடிந்தால்தான் அது ஏற்ற வேலை என்று ஒரு நடைமுறை அளவுகோலையும் வகுத்தார். மிக எளிதானாலும் மிகக் கடினமானாலும் மனம் ஓடாது அல்லவா?

இத்திட்டத்தைப் பிறர் மதிப்பிட்டு எழுதிய ஆய்வு 1985இல் வெளியாயிற்று. மொழியைப் பயன்படுத்தும் தேர்வில் திட்டப் பிள்ளைகள் முன்னின்றார்கள். வழக்கமான இலக்கண அமைப்புத் தேர்வில் பழைய முறையில் கற்றவர்கள் முன்னின்றார்கள். எதை விதைத்தார்களோ அதையே அறுத்தார்கள் என்று சொல்லலாம். இதை நாம் மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பின்னர் அதற்கு வருவோம்.

பிரபுவின் திட்டத்தில் பேச்சின் பொருளை ஆசிரியரே வகுத்துக்கொண்டு வந்தார். இன்னும் ஒரு படி மேலே சென்று, பேச வேண்டிய பொருளையும் பிள்ளைகளிடமிருந்தே பெறலாம் என்றனர் வேறு சிலர். நியூசிலாந்தில் மவோரி இனச் சிறுவருக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்னும் அம்மையார், அச்சிட்ட வாசிப்பு நூலை ஒதுக்கிவிட்டு, "உனக்கு என்ன சொல் வேண்டும்?" என்று ஒவ்வொரு குழந்தையையும் கேட்டார். குழந்தை தன் அன்பிலிருந்தும் அச்சத்திலிருந்தும் எடுத்துக் கொடுத்த சொல்லை ஓர் அட்டையில் எழுதி அதன் கையிலேயே கொடுத்தார். அந்தச் சொல்லைக் குழந்தை மறப்பதில்லை. 1963இல் வெளிவந்த தம் நூலில் இதை அவர் விளக்கியிருக்கிறார்.

இத்தாலி நாட்டில் லொரென்சோ மிலானி என்னும் பங்குக் குரு இருந்தார். 1954இன் இறுதியில் பார்பியானா என்னும் சிறு மலையூருக்கு அனுப்பப்பட்டார். பள்ளிகள் தேறாதவர் என்று தள்ளிய ஏழைக் குடியானவர் பிள்ளைகளைக் கூட்டித் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தினார். செய்தித்தாளைப் படித்து விவாதிப்பதும், பிற நாட்டு மொழிகளைப் பேசக் கற்பதும் அங்கே பாடம். அவர் மாணவர்கள் சேர்ந்து எழுதிய 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' 1967இல் வெளிவந்து இத்தாலியை உலுக்கியது. பிறமொழியில் அரிய இலக்கண விதிகளை ஒப்பித்துத் தேறும் பிள்ளை, அந்த நாட்டில் போய் இறங்கினால் அன்றாடத் தேவையைக்கூடக் கேட்க இயலாமல் நிற்கும் அவலத்தையும் அக்கடிதம் எள்ளி நகையாடுகிறது. அதே ஆண்டு மிலானி அடிகளார் தம் 44ஆம் வயதில் இறந்தார். அவர் பள்ளிச் சுவரில் இரண்டே ஆங்கிலச் சொற்கள் எழுதப்பட்டிருந்தன: 'ஐ கேர்'. 'எனக்கு அக்கறை உண்டு' என்பது பொருள். 2017 சூனில் திருத்தந்தை பிரான்சிசு அந்த ஊருக்கே சென்று அவர் கல்லறையில் செபித்தார்.

இந்த எண்ணங்களுக்கு அண்மைக் காலத்தில் ஒரு பெயரும் கிடைத்தது. டென்மார்க்குத் திரைப்பட இயக்குநர் சிலர் 1995இல், அலங்காரச் செட்டுகளும் செயற்கை ஒளியும் வேண்டா, கதையும் மனிதரும் போதும் என்று உறுதி பூண்டு, அதற்கு 'டோக்மே' என்று பெயரிட்டனர். ஸ்காட் தார்ன்பரி என்னும் ஆங்கில ஆசிரியர் 2000ஆம் ஆண்டில் அதே உறுதியை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். லூக் மெடிங்ஸ் என்பாரோடு சேர்ந்து அவர் எழுதிய நூல் 2009இல் வெளிவந்தது. அவர்கள் கொள்கை மூன்று: வகுப்பை உரையாடல் நடத்திச் செல்ல வேண்டும், கருவிகள் குறைவாக இருக்க வேண்டும், உரையாடலில் முளைக்கும் மொழியையே எடுத்துத் திருத்திப் பயிற்ற வேண்டும். புத்தகங்களும் ஒலிப்பேழைகளும் நிரம்பி வழிந்த வகுப்பறையில், இவற்றுக்கு நடுவே பிள்ளை எங்கே என்று தேடியவர்களின் குரல் அது. நம் ஊரிலோ வகுப்பை நிரப்பும் பொருள்கள் முன்னரே இல்லை. எனவே, அவர்கள் முயன்று அடைய வேண்டிய எளிமை நமக்குத் தொடக்கத்திலேயே வாய்த்திருக்கிறது என்று எண்ணினோம்.

ஆனைக்குட்டத்தில் ஒரு குடும்பத்தார் தங்கள் வீட்டுத் திண்ணையைக் கொடுத்தனர். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் துணைக்கு வந்தார். வாரம் மூன்று மாலை, ஆறரை மணி முதல் ஏழரை வரை. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பதினான்கு பிள்ளைகள். எல்லா மதத்தாரும் உண்டு. நேர்முகத் தேர்வுக்குச் சென்று வந்த தம்பியும் ஓரமாக வந்து அமர்ந்தார். கறுப்புச் சாயம் பூசிய ஒரு பலகை, சுண்ணக்கட்டி, ஆளுக்கொரு நோட்டு. புத்தகம் கொண்டுவரக் கூடாது என்றோம்.

முதல் நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. "எங்களுக்கு இங்கிலீசே தெரியாது சாமி" என்றார்கள். நாம் ஒரு சிறுவனைப் பார்த்து, "அம்மா எங்கே?" என்று தமிழில் கேட்டோம். "வெடி ஆபீசுக்குப் போயிருக்காங்க" என்றான். "ஆபீஸ் என்பது எந்த மொழிச் சொல்?" என்றோம். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அதன் பிறகு பலகையில் இடம் போதவில்லை. ஷெட், லேபிள், பண்டல், லோடு, ஆர்டர், பார்சல், ஸ்டாக், லைசென்ஸ், போர்மேன், அட்வான்ஸ், போனஸ் என்று கொட்டின. ஒரு சிறுவன் தயங்கி, "குரோசு?" என்றான். தீப்பெட்டியைக் குரோசுக் கணக்கில் எண்ணும் வீட்டுப் பிள்ளை அவன். நூற்று நாற்பத்து நான்கு என்று கணக்கும் சொன்னான். அது ஆங்கிலச் சொல் என்பது மட்டுமே அவனுக்குத் தெரியாமல் இருந்தது. ஒரு மணி நேரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட சொற்கள்! நாடெங்கும் செல்லும் நாள்காட்டிகளையும் நோட்டுகளையும் பெட்டி மேலுறைகளையும் அச்சிடும் சிவகாசிச் சீமையின் பிள்ளைகள், ஆங்கில எழுத்தைப் பார்த்தே வளர்கிறவர்கள். அந்த மொழி தங்களுக்கும் உரியது என்று ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவே.

அதன் பிறகு கடைப்பிடித்த முறை எளிது. "இன்று நீ கண்டதில் ஒன்றைச் சொல்" என்று கேட்போம். பிள்ளை தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லும். தெரியாத இடத்தில் தமிழ் வரலாம், தடையில்லை. சொன்ன வாக்கியத்தை எல்லாருமாகச் சேர்த்துச் செப்பனிட்டுப் பலகையில் எழுதுவோம். மற்றவர்கள் அதைப் பற்றி ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். முடிவில் அன்றைய வாக்கியங்களில் ஐந்தை, சொன்னவர் பெயரோடு நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அந்த நோட்டே அவர்கள் பாடநூல். அதன் ஆசிரியர்களும் அவர்களே.

ஒரு நாள் ஏழாம் வகுப்புச் சிறுமி எழுந்து, "மை மதர் ஹேண்ட் சில்வர்" என்றாள். அவள் தாய்க்கு அலுமினியப் பொடி கலந்த மருந்தோடு வேலை. அவர் கை எப்போதும் வெள்ளிபோல் மின்னும். தாயின் கை என்று உடைமையைச் சொல்ல என்ன சேர்க்க வேண்டும், இரண்டு கைகளானால் சொல் எப்படி மாறும் என்று பிள்ளைகளே பேசித் திருத்தினார்கள். "மை மதர்ஸ் ஹேண்ட்ஸ் ஆர் சில்வர்" என்று பலகையில் ஏறியது. "ஒய்?" என்றான் ஒருவன். "சோப் போட்டால் போகுமா?" என்பதை ஆங்கிலத்தில் கேட்க ஒருத்தி முயன்றாள். "சோப் நோ. கோக்கனட் ஆயில் எஸ்" என்று சிறுமி விடை சொன்னாள். அதுவும் முழு வாக்கியமாயிற்று. உடைமை, பன்மை, காரணம் கூறல் ஆகிய மூன்று இலக்கணப் பாடங்கள் ஒரு தாயின் கைகளிலிருந்து வந்தன. அந்த வாக்கியத்தை இன்றுவரை எந்தப் பிள்ளையும் பிழையாகச் சொன்னதில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு நமது தவற்றை எழுதாமல் விடுவது நேர்மையாகாது. மூன்றாம் வாரம் என்று நினைவு. "நேற்று மாலை உன் வீட்டுக்கு யார் வந்தார்கள்?" என்று சுற்றில் கேட்டுக்கொண்டு வந்தோம். எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் தலை குனிந்தபடி, "ஃபாதர் நோ கம்" என்றான். நமக்கு வாக்கியம் மட்டுமே காதில் விழுந்தது. இறந்தகால எதிர்மறையைக் கற்பிக்க நல்ல வாய்ப்பு என்று உற்சாகம் கொண்டோம். "மை ஃபாதர் டிட் நாட் கம்" என்று பலகையில் எழுதினோம். அனைவரையும் மும்முறை சொல்லச் செய்தோம். அவனும் சொன்னான். அப்போது பக்கத்திலிருந்த சிறுமி மெல்ல, "சாமி, அவங்க அப்பா போன வருசம் வெடியில போயிட்டாங்க" என்றாள்.

கையிலிருந்த சுண்ணக்கட்டியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இந்த மாவட்டத்தில் பணியாற்றும் நாம் இதை எண்ணியிருக்க வேண்டாமா? முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்ட பெருவிபத்தை நாடு அறியும். செய்தியில் இரண்டு வரியாக வந்து மறையும் சிறு விபத்துகளை இந்த ஊர்களின் வீடுகளே அறியும். உரையாடலே பாடம் என்று முடிவு செய்த ஒருவர், பிள்ளை சொல்லும் எதற்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். பாடநூலைத் திறந்தால் அது நம்மை எதிர்த்துக் கேட்பதில்லை. பிள்ளையின் வாயைத் திறந்தால் அதன் வாழ்க்கை வெளியே வருகிறது. வந்ததைக் கேளாமல் அதன் இலக்கணத்தைத் திருத்துவது, உருப்போடச் சொல்வதைவிடக் கொடிது.

அன்று வகுப்பை அத்துடன் முடித்தோம். அடுத்த வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் அந்தச் சிறுவனிடம், "ஐ ஆம் சாரி. ஐ டிட் நாட் லிஸன்" என்றோம். அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, "மை ஃபாதர் நேம் ஆல்ஸோ ரைட் சாமி" என்றான். தந்தையின் பெயரை நோட்டில் எழுத வேண்டும் என்கிறான் என்று புரிந்துகொண்டோம். எழுதினோம். அவனும் எழுதினான். தந்தை சைக்கிளில் தன்னை அணைக்குக் கூட்டிச் சென்றதைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னான். அன்று நாம் ஒரு பிழையையும் திருத்தவில்லை. அடுத்த வாரம் அவனே வந்து, "கரெக்ட்டா எழுதணும் சாமி, திருத்திக் கொடுங்க" என்று கேட்ட பிறகே திருத்தினோம். முதலில் கேட்டல், பிறகு திருத்தல் என்பதே அன்று முதல் நம் திண்ணையின் சட்டம்.

பெற்றோரின் எதிர்ப்பும் வந்தது, அது நியாயமானதே. ஒரு தாய் வேலை முடிந்து வந்த அலுப்போடு நம்மிடம் நின்று, "சாமி, பேச்சு நல்லதுதான். பரீட்சையில பேச்சுக்கா மார்க்கு போடுறாங்க? இவ மார்க்கு வாங்கலேன்னா என்னைப் போல ஷெட்டுக்குத்தான் போகணும்" என்றார். இந்தக் கேள்விக்கு மழுப்பலான பதில் கூடாது. பெங்களூர்த் திட்டத்தின் மதிப்பீட்டை முன்னரே எழுதினோம் அல்லவா? பேசுவதால் பேச்சு வரும். தேர்வுக்குரிய பயிற்சியைப் பேச்சு மட்டும் தந்துவிடாது. ஆகவே அந்தத் தாயிடம், "அம்மா, உங்கள் அச்சம் சரியானது. தேர்வுக்கு இரு மாதம் முன்பிருந்து வாரத்தில் ஒரு மாலை புத்தகத்துக்கு" என்று ஒப்புக்கொண்டோம். அப்போது ஒன்றைக் கண்டோம். பேசிப் பழகிய பிள்ளைக்குப் பாடநூலின் வாக்கியம் அந்நியமாகத் தோன்றவில்லை. "இது நம்ம நோட்டில் இருக்கிறதே" என்று பல இடங்களில் சொன்னார்கள். எனினும் சில பிள்ளைகள் எழுத்துக்கூட்டலில் இன்னும் தடுமாறுகிறார்கள். அதை மறுக்க மாட்டோம்.

இன்னொரு குறையும் உண்டு. உரையாடலால் கற்பிப்பவருக்கு அந்த மொழி ஓரளவேனும் கைவர வேண்டும். பாடநூல், தடுமாறும் ஆசிரியருக்கும் ஒரு கைத்தடி. அதைப் பிடுங்கி எறிவது அறிவுடைமை அன்று. பிரபு அவர்களே 1990இல் எழுதிய கட்டுரை ஒன்றில், எல்லாருக்கும் எங்கும் சிறந்த முறை என்று ஒன்று இல்லை என வாதிட்டார். ஆசிரியர் தாம் செய்வதை உணர்ந்து, உயிரோடு செய்கிறாரா என்பதே அவர் கருத்தில் முதன்மையானது. எனவே இதைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்கள் புத்தகத்தைத் துறக்க வேண்டா. வாரத்தில் ஒரு வகுப்பில் பத்து நிமிடம் அதை மூடி வையுங்கள். அந்தப் பத்து நிமிடம் பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றிப் பேசட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஆங்கிலம் அறியாத பெற்றோர் இதில் தமக்குப் பங்கில்லை என்று எண்ண வேண்டா. இரவு உணவின்போது, "இன்று என்ன நடந்தது?" என்று தமிழிலேயே கேளுங்கள். தன் நாளைத் தமிழில் கோவையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கே ஆங்கிலத்திலும் சொல்லச் செய்தி இருக்கும். பின்னர், "இதில் ஒன்றை ஆங்கிலத்தில் எனக்குச் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். தாய்க்குக் கற்பிக்கும் பிள்ளை தானும் கற்கும். தவறாகச் சொன்னால் சிரிக்காதீர்கள். ஒரு முறை நகைக்கப்பட்ட பிள்ளை அந்த மொழியில் பல நாள் வாய் திறக்காது. வேலை முடித்துக் களைத்து வரும் உங்களிடம் நாம் கேட்பது பத்து நிமிடமே. செலவு ஒன்றும் இல்லை. செல்பேசியைச் சற்று நேரம் ஓரமாக வைத்தால் போதும்.

நேர்முகத் தேர்வுக்குச் சென்று வந்த தம்பியைப் பற்றிக் கேட்பீர்கள். அவருக்கு இன்னும் நிலையான வேலை கிடைக்கவில்லை. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் தற்காலிகமாக வேலை பார்க்கிறார். மாலையில் திண்ணைக்கு வந்து சிறுவர்களுக்குப் பலகையில் எழுதிக் கொடுக்கிறார். சென்ற மாதம் வேறொரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. புறப்படும் முன் பிள்ளைகளே அவரைச் சுற்றி அமர்ந்து அதிகாரிகளாக நடித்தார்கள். வெள்ளிக் கைகளைப் பற்றிச் சொன்ன அந்தச் சிறுமி மிடுக்காக, "டெல் அஸ் அபௌட் யுவர் வில்லேஜ்" என்றாள்.

தம்பி ஒரு கணம் நிறுத்தி, பிறகு ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார்: "என் ஊர் ஆனைக்குட்டம். எங்கள் ஆற்றின் பெயர் அர்ச்சுனா. பெரும்பாலும் அதில் தண்ணீர் இருக்காது. ஓர் அணை இருக்கிறது. என் அம்மா பட்டாசு ஆலையில் வேலை செய்கிறார். விடியுமுன்னே போய்விடுவார்." இடையில் இரண்டு பிழைகள் வந்தன. சிறுவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள், முடிக்கும் வரை ஒருவரும் திருத்தவில்லை.

தேர்வின் முடிவு இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுவோம். அதுவரை, உங்கள் வீட்டுத் திண்ணையில் இன்று மாலை ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். விடை வரும் வரை பொறுத்திருங்கள்.

அடுத்த திங்கள் சந்திப்போம்.